மாட்டுத் தரகர் பிடித்துக் கொடுத்த மில் பங்கு

பாலக்கோடு
1944, ஐப்பசி, செவ்வாய் இரவு

அன்புள்ள காளியப்பண்ணாவுக்கு,

ஊர் அடங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். பகலில் எழுதலாமென்றால் குழந்தை பேனாவைப் பிடுங்குகிறாள், பக்கத்து வீட்டில் ஆள் எட்டிப் பார்க்கிறது. ரேஷன் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதால் இது ஆமணக்கெண்ணெய் விளக்கு. எழுத்து கோணியிருந்தால் விளக்கின் குற்றம், விஷயம் கோணியிருந்தால் என் குற்றம். இவரும் நானும் செல்லியும் சௌக்கியம். மதராஸில் நீங்களும் அண்ணியும் சௌக்கியமாயிருக்க வேண்டும். செல்லிக்குக் கீழ்ப்பல் இரண்டும் வந்துவிட்டன. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். கல்யாணத்தில் அப்பா எனக்குப் போட்ட சங்கிலியின் டாலரை விடாமல் கடித்து, லட்சுமியின் முகத்தில் இரண்டு பள்ளம் விழுந்துவிட்டது. அந்தச் சங்கிலியைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஆனால் நேரே அதற்கு வரத் தைரியமில்லை.

என் ஓரகத்தி தீர்த்தம்மாள் அக்காவை உங்களுக்குத் தெரியும். கிழக்குச் சுவரை ஒட்டிய வீடு. சேலத்தில் இருக்கும் அவள் அப்பா, புதிதாகத் தொடங்கிய ஒரு நூல் மில்லில் அவள் பெயருக்குக் கொஞ்சம் ஷேர் வாங்கிக் கொடுத்தார். அது நடந்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து நான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. டிவிடெண்டு வந்த அன்று தபால்காரர் தெருமுனையிலிருந்தே "தீர்த்தம்மா, மில்லுல இருந்து வந்திருக்குதுங்க" என்று கூவிக்கொண்டு வந்தார். மழை வந்தால் எல்லோரும் துணியை எடுக்க ஓடுவோம். அவள் மட்டும் வாசலில் நின்று, "எம் மில்லுல பஞ்சு நனையாம இருக்கோணும்" என்பாள். வெல்லக் கட்டியைச் சுற்றி வந்த நூலைக்கூட இழுத்துப் பார்த்து "இது எங்க நூலு மாதிரியே இருக்குது" என்கிறாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. நான் காலேஜில் இரண்டு வருஷம் எகனாமிக்ஸ் படித்தவள். அந்த இரண்டு வருஷத்தில் தீர்த்தம்மாள் அக்காவைப் பற்றி ஒரு பாடமும் நடத்தவில்லை.

அதனால்தான் போன மாதம், ஷேர் தரகர் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிற உங்களைக் கேட்டேன். நீங்களும் பொறுமையாக எழுதியிருந்தீர்கள். ஷேர் என்பது கம்பெனியில் நமக்கு ஒரு பங்கு, லாபம் வந்தால்தான் டிவிடெண்டு, வராவிட்டால் இல்லை, விலை ஏறும், அதே போல இறங்கும், இருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் போடாதே, நகையை விற்றுப் போடவே போடாதே, நீ வாங்கும்போது எதிரே ஒருவர் விற்கிறார், அவர் ஏன் விற்கிறார் என்று விசாரி, பக்கத்து வீட்டுக்காரி வைத்திருக்கிறாள் என்பதற்காக வாங்காதே என்று. கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்து கடிதத்தை அரிசிப் பானைக்கு மூடியாக வைத்துவிட்டேன். பிறகு எடுத்துப் படித்தேன். எல்லாப் புத்திமதியையும் கேட்டுத்தான் நடந்தேன், ஒன்றிரண்டைத் தவிர.

இவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நம் பக்கத்தில் மாட்டை வாரத்துக்கு விடுகிறோமே, மாடு நம்முடையது, மேய்ப்பது இன்னொருவர், ஈனுவதில் நமக்குப் பங்கு, அதுபோலத்தான் ஷேர் என்று சொன்னேன். அந்த உதாரணத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "கன்னுக்குட்டி?" என்றார். அதுதான் டிவிடெண்டு என்றேன். "மாடு நம்மூட்டுக்கு வராதா?" என்றார். மில்லிலேயே இருக்கும் என்றேன். "முதுகுச் சுழி நல்லதா கெட்டதான்னு பாக்காம எப்படி வாங்கறது" என்று எழுந்து போய், சந்தையில் மாடு பிடித்துக் கொடுக்கிற தரகர் மாயவனைக் கூட்டி வந்துவிட்டார். "உங்க அண்ணனும் தரகர் ஆபீசுலதான இருக்காரு? தரகுன்னா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். உங்கள் உத்தியோகத்துக்கு இங்கே இவ்வளவுதான் மதிப்பு.

மாயவன் கொஞ்சமும் அசரவில்லை. "மில்லு மாட்டுக்கும் வாயி ஒண்ணுதானுங்க, வயிறு ஒண்ணுதானுங்க" என்றார். தீர்த்தம்மாள் அக்கா வைத்திருக்கும் அதே மில்லின் ஷேரே விற்பனைக்கு ஒருவரிடம் இருப்பதாக மூன்றாம் நாள் வந்து சொன்னார். காகிதத்தைப் போய்ப் பார்த்தாராம். அதன் ஓரத்தில் அச்சடித்திருக்கும் சுருள் வேலையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாராம். "அத்தனையும் ராஜ சுழிங்க. பாடைச் சுழி ஒண்ணுகூட இல்லீங்க." இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் மட்டும் உங்கள் புத்திமதியை விடாமல், விற்கிறவர் யார், ஏன் விற்கிறார் என்று கேட்டேன். "மாடு பட்டிக்கு வந்தப்பறந்தானுங்க பேரு சொல்றது. மொதல்லயே சொன்னா ரெண்டு பேரும் என்னயத் தாண்டிப் பேசிக்குவீங்க, எந் தரகு போயிருமுங்க. அவங்களுக்குக் காயிதம் அலுத்துப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். எந்தப் பக்கத்து ஆள் என்றாவது சொல்லுங்கள் என்றேன். கிழக்கே கையைக் காட்டினார். அரூராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விலை பேசியது, மாட்டுச் சந்தை வழக்கப்படி, துண்டுக்கு அடியில் விரல் கணக்கில். பெண்பிள்ளை கையை விட முடியாதென்று இவர் கையை நீட்டினார். இவருக்கு உள்ளங்கையில் கூச்சம் அதிகம். மாயவன் விரலைப் பிடித்ததும் நெளிந்து சிரித்து இன்னொரு விரலையும் நீட்டிவிட்டார். ஷேருக்கு ஒரு ரூபாய் கூடிப்போயிற்று. "கை குடுத்தது குடுத்ததுதானுங்க" என்று மாயவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அண்ணா, இனி மறைத்துப் பயனில்லை. பணத்துக்குச் சங்கிலியைக் கொடுத்துவிட்டேன். சங்கிலி வேண்டுமென்று அலைகிற ஒரு கிராக்கி தன்னிடமே இருப்பதாக மாயவன் சொன்னார். இன்று காலை கழற்றிக் கொடுத்தேன். நாளை காகிதம் வந்துவிடும். செல்லி என் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள். அது அவளுக்கென்று வைத்திருந்தது. அவளுக்காகத்தானே செய்தோம் என்று தேற்றிக்கொள்கிறேன். அவள் வயதுக்கு வரும்போது மில் வளர்ந்திருக்கும், சங்கிலி வளராது. ஆனால் சண்டை நின்றால் துணி விலையும் மில் ஷேரும் இறங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து சாமி முன்னால் நின்றால் என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் வீடு திரும்ப வேண்டும், ஆனால் தை மாத டிவிடெண்டுக்குப் பிறகு திரும்பட்டும் என்று வேண்டுகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்று மட்டும் நிச்சயம். என் பொறாமை இன்றோடு ஒழிந்தது. சாயந்திரம் தீர்த்தம்மாள் அக்கா வாசலில் நின்றபோது, வெறுங் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நானே சிரித்துப் பேசினேன். அவளும் என்றுமில்லாத அன்போடு சிரித்தாள். மனசு சுத்தமாகிவிட்டால் எதிராளி மனசும் சுத்தமாகிவிடுகிறது. அண்ணிக்கு என் அன்பு. காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு, பட்டணத்து வெயிலில் குடையில்லாமல் போகாதீர்கள்.

அன்புத் தங்கை,
சென்னம்மாள்

பி.கு. புதன் காலை. தபாலில் போடுவதற்குள் விடிந்து எல்லாம் தலைகீழாகிவிட்டது. தண்ணீருக்குப் போன இடத்தில் தீர்த்தம்மாள் அக்கா வந்தாள். இடுப்பிலிருந்த செல்லி ஒரே தாவலாக அவள்மேல் தாவி, அவள் கழுத்திலிருந்த டாலரை வாயில் வைத்துக் கடிக்க ஆரம்பித்தாள். பல் அந்தப் பள்ளத்தில் அச்சாகப் பொருந்தியது. "மாயவன் புடிச்சுக் குடுத்தான்டி. ஆரு வித்ததுன்னு சொல்லமாட்டேங்கறான். ரெண்டு வருசமா உங் கழுத்தப் பாத்துப் பாத்து எனக்கு வவுறு எரிஞ்சுது, உன்னுது மாதிரியே ஒண்ணு வேணும்னு சொல்லி வெச்சேன். காயிதத்தயா கழுத்துல மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போறது? அதான் மில்லு காயிதத்த எவனோ ஒரு ஏமாளி தலையில கட்டச் சொல்லிட்டேன்" என்றாள். பிறகு என் வெறுங் கழுத்தைப் பார்த்தாள். நான் செல்லியைப் பிடுங்கிக்கொண்டு குடத்தை எடுத்தேன். வீட்டுக்கு வந்தால் மாயவன் காகிதத்தோடு நிற்கிறார். காகிதத்தில் அவள் பெயர். ஷேருக்கும் சங்கிலிக்குமாக என்னிடம் இரண்டு தரகு, அவளிடம் இரண்டு தரகு.

இப்போது மில் என்னுடையது, மழை வந்தால் நான்தான் பஞ்சுக்குக் கவலைப்பட வேண்டும். அவளோ சங்கிலியோடு பென்னாகரத்துக் கல்யாணத்துக்குப் புறப்படுகிறாள், எனக்கு மறுபடியும் வயிறு எரிகிறது. ஷேரை உடனே விற்றால் அந்தச் சங்கிலி திரும்பக் கிடைக்குமா, மாயவன் இல்லாமல் முடியுமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.