இந்தத் திருத்தம் செல்லாது

செல்லாதுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. இத்தாலியில், எங்கள் பொடென்சா மலைப்பக்கத்தில் பள்ளிக்கு ஒருவராவது இருப்பார். நல்ல மனிதர்தான், தெருப் பூனைகளுக்கு மீன்தலை வாங்கி வைப்பார், பிள்ளைகளைக் கடிந்து பேசமாட்டார். ஆனால் யாராவது எதையாவது மாற்றிவிட்டால் போதும், நெற்றியில் கிடந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கிவிடும். மாற்றம் நல்லதா, கெட்டதா? அதை அவர் கேட்கவே மாட்டார். முறைப்படி நடந்ததா? அது ஒன்றுதான் கேள்வி.

நான் கூட்டிப் பெருக்கும் பள்ளியில் அவர் பெயர் எவரிஸ்டோ பலும்போ, லத்தீன் ஆசிரியர். ரோமில் ஒரு கல்வி விதியைத் திருத்தினால், அமைச்சருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பார். உண்டென்றால், அரசிதழில் வந்ததா என்பார். வந்ததென்றால், வருவதற்கு முன்பே அமலாக்கிவிட்டார்களே என்பார். காப்பி இயந்திரத்தில் சர்க்கரை அளவைக் குறைத்தபோதுகூட, "இதுக்கு ஆசிரியர் குழு தீர்மானம் போட்டுச்சா?" என்று கேட்டவர். போடவில்லை. அன்றிலிருந்து சர்க்கரையே இல்லாமல், எதிர்ப்போடு குடிக்கிறார்.

மே மாத ஆசிரியர் கூட்டத்தில் மாணவி ரொக்கீனாவைப் பற்றிய பேச்சு வந்தது. எங்கள் பள்ளி விதிப்படி, வருடத்தில் கால்வாசிக்கு மேல் வராதவர் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும். தன் உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் விலக்கு. ரொக்கீனாவின் உடம்புக்கு ஒன்றுமில்லை. படுத்த படுக்கையானது அவள் அம்மா. குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, முடிந்த நாட்களில்தான் அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். மறுபடி அதே வகுப்பென்றால் நின்றுவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நின்றவர்கள் திரும்பி வருவதில்லை.

தலைமையாசிரியை எர்சீலியா, 'பெற்றோரின் நோய்க்கும் விலக்கு உண்டு' என்று ஒருவரித் திருத்தம் கொண்டுவந்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு கை மட்டும் விரலை நீட்டிக்கொண்டு உயர்ந்தது.

"மேடம், எனக்கும் அந்தப் பொண்ணு மேல பாசம்தான். ஆனா இந்தத் திருத்தம் செல்லாது."

"இப்ப என்ன புரொபசர்?"

"கூட்டத்துக்கு முன்னாடியே அறிவிப்புப் பலகையில ஒட்டணும். எங்க ஒட்டியிருக்கு? பலகையை மூடின கண்ணாடிக் கதவுல, வெளிப்பக்கமா!"

"சாவிதான் இல்லையே, உங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்காகக் கண்ணாடி பலகை ஆயிடுமா? நாளைக்கு எவனாவது வழக்குப் போட்டா?"

எங்கள் நாட்டில் வழக்கு என்ற சொல்லுக்கு மரியாதை அதிகம். உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எர்சீலியா பேனாவை மூடினார்.

அப்போது உடற்பயிற்சி ஆசிரியை நுன்சியா பெருமூச்சு விட்டார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

"விடுங்க மேடம். பழைய விதியாவது பாறை மாதிரி நிக்குதே. நம்ம புரொபசராலயே அசைக்க முடியாத விதி!"

"யாரு சொன்னா அசைக்க முடியாதுன்னு?"

"எங்க, அசைங்க பாப்போம்."

பலும்போவின் முகத்தில் வெளிச்சம் ஏறுவதை வாசலில் நின்று பார்த்தேன். பசித்தவன் முன் தட்டு வைத்தது போல.

"மேடம், பழைய விதியைப் போட்டது எப்போ?"

"நம்ம காவலாளி ஜெராடோ ஓய்வு பெற்றதுக்கு அடுத்த வருஷம்."

"சாவி காணாமப் போனது?"

"ஜெராடோவோடதான். தூரின்ல மக வீட்டுக்குப் போயிட்டாரு. சாவியும் அங்கதான் எங்கயாவது கிடக்கும்."

"அப்போ அதையும் கண்ணாடி மேலதான் ஒட்டியிருக்காங்க!" மேசையில் ஓங்கித் தட்டினார். "செல்லாது! அதுக்கு முன்னாடி இருந்த முறைதான் செல்லும்!"

அதற்கு முன்னால் இருந்த முறை என்ன? யாருக்கு விலக்கு என்பதை அந்தந்த வகுப்பின் ஆசிரியர்களே தீர்மானிப்பது. ரொக்கீனாவின் ஆசிரியர்கள் அத்தனை பேரும் அந்த அறையில்தான் இருந்தார்கள். கைகள் மறுபடி உயர்ந்தன. முதலில் உயர்ந்தது பலும்போவின் கை. நுன்சியா சிரிப்பை அடக்கக் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார்.

நீங்களும் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், அந்தச் சாவி போன பிறகு எடுத்த முடிவுகள் எல்லாமே கண்ணாடி மேல்தானே ஒட்டப்பட்டிருக்கும், அப்படியானால் எதுவுமே செல்லாதே என்று படிக்கும்போதே உங்கள் மனம் ஓடியிருந்தால், நீங்களும் அந்த இனம்தான். தயவுசெய்து எங்கள் ஊர்ப்பக்கம் வந்துவிடாதீர்கள். ரொக்கீனா அடுத்த வகுப்புக்குப் புத்தகம் வாங்கிவிட்டாள்.