காலைக் கொடு, பாலைச் சொல்கிறோம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது, பிறகு சக்கரத்தைக் கண்டது. மூன்றாவது பெரிய காரியம் சீனாவின் ஜெஜியாங் மாகாணக் கடலோரத்தில், எங்கள் நண்டு ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. நிலையத்தின் செய்தித் தொடர்பாளன் என்ற முறையில் இதை அடக்கத்துடன்தான் சொல்கிறேன்.

சேற்று நண்டில் சினை பிடித்த பெண்ணுக்குத்தான் மவுசு. ஆனால் நகத்தளவு குஞ்சில் ஆண் எது, பெண் எது என்று கண்ணுக்குத் தெரியாது. எங்கள் ஆய்வாளர் லியாவ் பெய்சென் பல வருடம் மல்லாடி, பெண் நண்டுக்கு மட்டுமே உள்ள மரபணு அடையாளம் ஒன்றைக் கண்டுபிடித்தார். குஞ்சின் கால் நுனியைக் கிள்ளிச் சோதித்தால் போதும். கால் மறுபடி முளைத்துவிடும். இயக்குநர் கோங்கும் தம் பங்கைச் செலுத்தினார். "காலைக் கொடு, பாலைச் சொல்கிறோம்" என்று வாசலில் பலகை மாட்டினார்.

ஃபூ சாங்கென் என்ற பண்ணைக்காரர் தம்மிடமிருந்த ஒரே குளத்தை நம்பிக் கொடுத்தார். ‘நூறு சதவீத மகளிர் குளம்’ என்று நாடா வெட்டித் திறந்தோம். பெண்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சினை மட்டும் பிடிக்கவில்லை.

ஃபூ லியாவைத் தேடி நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, ஓட்டைத் தெறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. வியாபாரி பாத்துச் சிரிச்சுட்டுப் போறான். இந்தக் குளமும் போச்சுன்னா நான் நிங்போ துறைமுகத்துல லாரிதான் ஓட்டணும்."

"ஆண் நண்டு கொஞ்சம் விடணும்ணே. சேர்ந்தாத்தான் சினை நெறயும். நான் அப்பவே சொன்னேன், யாரு காதுல வாங்குனா?"

பக்கத்தில் நின்ற கோங் பதறிப்போனார். வயதில் இளையவர் என்பதால் லியாவ் அவருக்கு எப்போதும் ‘சின்ன லியாவ்’தான். "சின்ன லியாவ், நூறு சதவீதம்னு மாகாணத்துக்கு எழுதியாச்சு. இப்பப் போயி ஆணை விட்டா எண்பதுல வந்து நிக்கும்."

"சினை இல்லாத நூறை வச்சு என்ன பண்றது, டைரக்டர்?"

"சினைங்கறது வேற திட்டம். அதுக்குத் தனியா குழு போடணும்."

குழு போடப்பட்டது. குழு கூடியது. மறுபடி எப்போது கூடுவது என்பதை ஏகமனதாக முடிவு செய்தது. அதற்குள் லியாவ் இரண்டு கூடை ஆண் நண்டுகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய்க் குளத்தில் இறக்கிவிட்டார். நண்டுகள் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவில்லை.

மாகாண அதிகாரிகள் பார்வையிட வந்தபோது, ஃபூவின் மனைவி ஆவியில் வெந்த நண்டைப் பிளந்து வைத்தார். ஓட்டின் மூலைவரை ஆரஞ்சு நிறச் சினை. ஓர் அதிகாரி மட்டும் வலையில் கிடந்த பெரிய கொடுக்குக்காரனைக் காட்டி, "இது ஆண் மாதிரி இருக்கே?" என்றார்.

"அவரு திட்ட உதவியாளருங்க" என்றார் கோங்.

அதிகாரி குறித்துக்கொண்டார்.

ஃபூவின் நண்டுகள் கரையிலேயே விற்றுத் தீர்ந்தன. லாரி ஓட்டும் பேச்சை அவர் விட்டுவிட்டார். எங்களுக்கோ ‘பெண்ணை இனங்காண்பதில் முன்னோடி’ விருது கிடைத்தது. மேடையில் பதினோரு பேர் ஏறி நின்றோம். கோங் கீழே குனிந்து, "சின்ன லியாவ், உனக்குத்தான் கை நடுங்காது. நீயே படத்தை எடுத்துடு" என்று கேமராவை நீட்டினார்.

முன்வரிசையிலிருந்த ஃபூ எழுந்துவிட்டார். "நீ மேல போகலையா தங்கச்சி?"

"உக்காருங்கண்ணே" என்றார் லியாவ், அவர் முகத்தைப் பார்க்காமல். "உங்க தலை மறைக்குது."

படம் மிகத் தெளிவாக வந்திருக்கிறது. பதினோரு ஆண்களும் நேராக லியாவைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். பெண்ணை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.