முறைக்க முடியாத மாதங்கள்

விழுப்புரம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பின்.

பாசமும் பணிவும் மாறாத தங்கை சகாயசெல்வி, திண்டிவனத்தில் இருக்கும் அன்பு அக்கா புனிதாவுக்கு எழுதிக்கொள்வது. இங்கு நானும், எங்கள் வீட்டுக்காரரும், மகன் வளனும், மருமகள் வெனிலாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அங்கு உன் மூட்டு வலியும், மாமாவின் சர்க்கரையும், உன் மகள், புதுமணப்பெண் ஜெசியும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவாய், மாமா கேட்பார், மாமா கேட்டால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் கை தவறிக் குடும்பக் குரூப்புக்குப் போய்விடும், போன முறை என் மலச்சிக்கல் போனது போல. ஆகவே கைப்பட எழுதுகிறேன். படித்து முடித்ததும் கிழித்துவிடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதற்கெல்லாம் காரணம் நீ. ஜெசியின் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேடையில் ஏறினோமே, அப்போது அந்தப் போட்டோகிராபர் என்னைப் பார்த்து, "ஆயா, நீங்க சேர்ல குந்துங்க" என்றான். சரி, ஊரில் எல்லோரையும் ஆயா என்று கூப்பிடுகிற பையன் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த மூச்சில் உன்னைப் பார்த்து, "அக்கா, நீங்க ஆயா பின்னாடி நில்லுங்க" என்றான். நீ என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் திரும்பிப் பார்த்தேன், நீ சொல்வாய் என்று. நீ சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் கை வைத்து நின்றுகொண்டாய். நான் அவனை முறைத்தேன். என் முறைப்பு உனக்குத் தெரியும். இரண்டு புருவத்துக்கும் நடுவில் இரண்டு கோடு விழும், பதினொன்று எழுதினாற்போல. தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் நான் பிரம்பு எடுத்ததே கிடையாது, அந்தப் பதினொன்றை வைத்தே ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தினேன். பெண்பிள்ளைகள் எனக்கு 'லெவன் மிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது ஓய்வுபெற்ற அன்றுதான் எனக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட முறைப்பைப் பார்த்துவிட்டு அவன், "ஆயா, கொஞ்சம் சிரிங்க, சாவு வீட்டு படம் மாதிரி வருது" என்றான்.

விழுப்புரம் வந்ததும் நேராகத் தோல் டாக்டரிடம் போனேன். மருந்துக்கடை மாடியில் இருக்கும் டாக்டர் ஆர்த்தி, சின்ன வயசு. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, என் கன்னத்தை இரண்டு விரலால் மேலே இழுத்துக் காட்டினாள். இழுத்தபோது நான் நன்றாகத்தான் இருந்தேன், விட்டதும் நானாகிவிட்டேன். "ரெண்டு வழி இருக்குது மேடம்" என்றாள். "ஒண்ணு ஊசி. கோடு விழ வைக்கிற தசைய கொஞ்ச நாளைக்கு தூங்க வெச்சிடும். மூணு நாலு மாசம் தாங்கும், ரொம்ப சில பேருக்கு ஆறு மாசம் கூட இருக்கும். இன்னொண்ணு ஆபரேஷன். காதுக்கு முன்னால கீறி, தொங்கற தோல இழுத்துத் தைக்கிறது. அது வருஷக்கணக்கா நிக்கும், ஆனா வீக்கம் வத்தற வரைக்கும் ரெண்டு வாரம் வெளிய தல காட்ட முடியாது. அது சென்னையில தான் பண்ணணும்." நான் வாழ்க்கையில் எதிலும் முதல் மதிப்பெண் வாங்கியவள் என்பதால், ஊசி எனக்கு ஆறு மாதம் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், தினம் ஆயிரம் முகம் பார்த்தவர், ஏதாவது சொல்லுவார் என்று. பேப்பரை மடிக்காமலே, "உனக்கு எதுக்கு இந்த பேஜாரு? உன் மூஞ்சி எனக்கு பழகிப் போச்சி" என்றார். பழகிப்போச்சு என்றால் என்ன அர்த்தம் அக்கா? உன் மூட்டு வலி உனக்குப் பழகிப்போனது மாதிரியா? அந்த நிமிஷமே ஆபரேஷன்தான் என்று தீர்மானித்து, மறுநாள் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

அங்கே வரவேற்பறையில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள், தலையிலிருந்து தாடை வரைக்கும் கட்டு, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிறது. "லாரியா, காரா?" என்று பரிவோடு கேட்டேன். "இல்லீங்க, பொண்ணுக்கு கல்யாணம் வச்சிருக்கேன்" என்றார். வாழ்த்துச் சொன்னேன். உள்ளே போனால், அந்த ஆபரேஷன் டாக்டர் மரியாதையானவர், எங்கே கீறுவார், எந்தப் பக்கம் இழுப்பார், எங்கே தைப்பார் என்பதை ஊதா நிறப் பேனாவால் என் முகத்திலேயே கோடு போட்டு விளக்கினார். வகுப்பில் பூகோளம் நடத்துகிறவர் கூட அவ்வளவு தெளிவாக வரைய மாட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மை சோப்புக்குப் போகாதாம்.

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். திண்டிவனத்தில் ஒரு பூக்காரம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்றில் முந்தானை விலகிவிட்டது. "அய்யோ, அக்கியாம்மா?" என்றார். அக்கிப் புண்ணுக்கு முகத்தில் காவியால் கோடு எழுதுவார்களே, அது என்று நினைத்துவிட்டார். வாழ்நாளில் பொய் சொல்லாத நான், "ஆமாம்மா" என்றேன். "எங்க எழுதிக்கினு வர்ற? எங்க வல்லம் பக்கத்துல ஒருத்தர் சூப்பரா எழுதுவாரு. இது இன்னாது, காவி இல்லாம ஊதாவுல எழுதிக்கிறாரு? கேக்காதும்மா இது" என்று விழுப்புரம் வரும் வரைக்கும் விலாசம் சொல்லிக்கொண்டே வந்தார். உன் ஊர் வழியாகப் போயும் உன் வீட்டுக்கு வரவில்லை என்று மூன்று மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாயே, இதுதான் காரணம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி வருவேன்?

கத்திக்குப் பயந்து ஊசிக்கே போனேன். ஜூன் மாதம். ஆர்த்தி ஊசியை எடுத்துக்கொண்டு அருகில் வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். "இன்னாம்மா?" என்றேன். "மேடம், நான் உங்ககிட்ட தான் படிச்சேன். செவன்த் பி. கண்ண மூடிக்கோங்க ப்ளீஸ், நீங்க பாத்தா எனக்கு கை வரல" என்றாள். மூடிக்கொண்டேன். எறும்பு கடித்த மாதிரி ஐந்தாறு இடத்தில் சுருக்கென்றது. இரண்டு வாரத்தில் பதினொன்று மறைந்து, நெற்றி பீங்கான் தட்டு போல ஆகிவிட்டது.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். இளமை என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை அக்கா. ஆனால் யாருக்கும் என்னிடம் பயம் இல்லாமல் போய்விட்டது. எங்கள் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டினார், நான் முறைத்தேன், "நீயும் பாக்குறியா, வா" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். கீரைக்காரி கட்டைப் பிரித்துப் பார்க்காதே என்று என்னையே அதட்டினாள். முன்பெல்லாம் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் ஓடிவிடும் பழைய மாணவிகள், இப்போது ஸ்கூட்டியை நிறுத்தி, மாமியார் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். கோயில் பாடகர் குழுவின் அந்தோணிசாமி இறந்தபோது போனேன். எனக்கு உண்மையிலேயே துக்கம், ஆனால் நெற்றி ஒத்துழைக்கவில்லை. எல்லோரும் அழுகிறார்கள், நான் மட்டும் கடைத்திறப்பு விழாவுக்கு வந்தவள் போல் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மூஞ்சிய பாத்தா தான் டீச்சர் மனசுக்கு தெம்பா இருக்குது. போயிடாதீங்க" என்று சொல்லி மாலைவரைக்கும் விடவில்லை. எனக்குக் கால் மரத்துப் போய்விட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம் வெனிலா, கல்யாணமாகி வந்த ஆறு வருஷமாக நான் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறவள், ஒருநாள் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அத்தை, ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க வெக்கிற காரக்கொழம்புல புளி ஜாஸ்தி" என்றாள். இருந்த பலத்தையெல்லாம் திரட்டி முறைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். நாளடைவில் நான் முறைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பல்லில்லாதவள் முறுக்குக் கடித்து ஆவதென்ன?

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மதியம், கூடத்தில் அவித்த மல்லாட்டையை வைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். வளன் வந்து எதிரில் உட்கார்ந்தான். வெனிலா கதவோரம் நின்றாள். "அம்மா, திண்டிவனத்துல ஒரு வீடு பாத்துக்கிறோம். ஆபீசுக்கும் பக்கம். தனியா போயிடலாம்னு இருக்கோம்" என்றான். எனக்குள் எரிமலை. முறைக்கப் போனேன், அது முடியாதே என்று நினைவு வந்தது. திட்டலாம் என்றால், புருவம் இல்லாத திட்டு எடுபடாது, தனியாக இருக்கும்போது ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், ரேடியோவில் சந்தை நிலவரம் வாசிப்பது போல் இருந்தது. ஆகவே வாயை மூடிக்கொண்டு உரித்தேன். அவன் பேசிக்கொண்டே போனான். "சின்ன வயசுல ரேங்க் கார்டு கொண்டாந்து உன் கையில குடுக்கறதுக்குள்ள எனக்கு ஜுரம் வந்துடும்மா. இப்ப வயசு முப்பத்தி மூணு ஆவுது, இன்னும் வீட்டுக்குள்ள நுழையறப்ப நீ எங்க இருக்கேன்னு பாத்துக்கினு தான் வர்றேன். வெனிலா இந்த வீட்ல சத்தமா ஒரு தும்மல் போட்டதில்ல. எங்களுக்கு ஒரு புள்ள பொறந்தா அதுவும் இப்படி தான் வளரணுமா?" என்றான். அப்புறம் அழுதான். மீசை வைத்த ஆம்பளை அக்கா, எட்டு வயதுக்குப் பிறகு என் முன்னால் அழாதவன், என் மடியில் தலையை வைத்துக்கொண்டான். நான் உரித்த மல்லாட்டையெல்லாம் எப்போது அவன் கைக்குப் போனதோ தெரியாது. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லம்மா, அவசரமில்ல. தை மாசம் பாத்துக்கலாம்" என்றான்.

அந்த வீடு உன் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பதையும், அதைப் பார்த்துக் கொடுத்ததே நீதான் என்பதையும் பிறகு வெனிலா சொன்னாள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்தாததால்தான் இந்தக் கடிதத்தில் அதற்கு இரண்டு வரிதான் ஒதுக்கியிருக்கிறேன்.

என் கவலை வேறு. பிள்ளை மனம் திறந்தது இந்த ஊசி முகத்தைப் பார்த்துத்தான். ஜூனிலிருந்து கணக்குப் பார், டிசம்பரோடு ஊசியின் வேலை முடிந்துவிடும். என் சொந்த முகம் திரும்பி வந்துவிடும். தை மாதம் அதைப் பார்த்தால் பெட்டியைக் கட்டிவிடுவான். சாகிற வரைக்கும் சில மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டிருப்பதா, அல்லது ஒரேயடியாகக் கத்தியா? சென்னை டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன், "தோல இழுக்கறப்பவே முறைக்கிற தசையையும் கொஞ்சம் எடுத்துடலாம்மா" என்றார். பொங்கலுக்கு முன்பே செய்துகொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். இது அழகுக்காக அல்ல என்பதை நீ ஒருத்தியாவது புரிந்துகொள். இரண்டு வாரம் நீ என்னோடு சென்னையில் தங்க வேண்டும். வீட்டில் தியானத்துக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம், கட்டுப் போட்டால் எப்படியும் மௌனத் தியானம்தான். அதுவரைக்கும் முகம் தாங்க வேண்டுமே என்று, நாளைக்கே ஆர்த்தியிடம் போய் இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். ஜெசிக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவர் எல்லா வரமும் தந்து காப்பாராக. மாதா உன் மூட்டைத் தொட்டுச் சுகமாக்குவாளாக.

இப்படிக்கு,
உன் சொல்லைத் தட்டாத தங்கை
சகாயசெல்வி

பி.கு.: திங்கள் மாலை. தபாலில் சேர்க்குமுன் எழுதுவது. ஆர்த்தி என்னை உட்கார வைத்து, "எங்க, மொறைங்க மேடம்" என்றாள். வராதே என்று சொல்லிக்கொண்டே முறைத்தேன். இரண்டடி பின்னால் போய்விட்டாள். "போதும் மேடம். ஊசி எப்பவோ வேலைய முடிச்சிடுச்சி. ரெண்டு மாசத்துக்கு மேலயே ஆயிருக்கும், உங்களுக்கு தெரியலையா?" என்று கண்ணாடியைக் காட்டினாள். பதினொன்று பளிச்சென்று நிற்கிறது. தலை வாரும்போது யார் தன்னையே முறைத்துப் பார்ப்பார்கள்? ஊசி வேண்டாமென்று வீட்டுக்கு வந்து வளனைப் பிடித்துக் கேட்டேன், "போன ஞாயித்துக்கிழம நீ பேசறப்ப என் மூஞ்சி எப்டிடா இருந்திச்சி?"

"எப்பவும் போல தாம்மா. பயங்கரமா இருந்திச்சி."

"அப்புறம் எப்டிடா அவ்ளோ பேசின?"

"நீ தான் நடுவுல ஒரு வார்த்த பேசாம கேட்டுக்கினு இருந்தியே" என்றான். திண்டிவனத்து வீட்டின் சொந்தக்காரரிடம் இன்று காலையே வேண்டாமென்று சொல்லிவிட்டானாம்.

சென்னை டாக்டரிடமும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஆகையால் மேலே எழுதியிருப்பதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றது எதற்கும் இப்போது அவசியமில்லை. என்றாலும் அனுப்புகிறேன், கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.