சம்பந்தி கேட்ட இசைத்தட்டு

யோங் பெங்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புத் தங்கை டொரத்திக்கு,

அண்ணன் ரோலண்ட் எழுதுவது. ஈப்போவில் நீயும் மச்சானும் அவருடைய முழங்காலும் ஆண்டவர் தயவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணி சுகம், மகள் ஃபெலிசியா சுகம், நான் மட்டும் சுகமில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னால் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவாய் என்பதால்தான் தபால்தலை ஒட்டுகிறேன்.

நீ பார்த்துக் கொடுத்த கெலாங் பாத்தா சம்பந்தம் தங்கமானது. மாப்பிள்ளை பிரையனுக்குச் சிங்கப்பூரில் வேலை, ஃபெலிசியாவுக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. போன சனிக்கிழமை பேசி முடிக்க வந்தார்கள். பேச ஒன்றும் கிடைக்காமல் எல்லாரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் அந்த இசைத்தட்டைப் போட்டேன். அதுதான், ஆயர் ஈத்தாமுக்குப் பூந்தொட்டி வாங்கப் போய், தொட்டியை மறந்துவிட்டு வாங்கி வந்தேனே, அந்தப் பழைய அமெரிக்க சோல் பாட்டு. பாடகி பெயர் யாருக்கும் தெரியாது. அட்டையில்கூட ஒரு பழுப்பு சோபாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கத்தமாட்டாள், அழமாட்டாள். புருஷன் விட்டுட்டுப் போனதை, குழாயில தண்ணி வரலைன்னு பக்கத்து வீட்டுல சொல்ற மாதிரி சொல்லுவா. டிரம் அடிக்கிறவன், பிள்ளை முழிச்சிக்குமோன்னு பயந்து பயந்து தட்டுவான். முதல்ல கேட்டப்ப எனக்கே இவ்வளவுதானான்னு இருந்துச்சு. ஆனா மூணாவது பாட்டுக் கடைசியில, ஒரு வரிக்கு முன்னாடி சின்னதா மூச்சு இழுப்பா பாரு, அந்த இடத்துக்காகவே ஊசியைத் தூக்கி மறுபடி மறுபடி வைப்பேன்.

அன்னைக்கு மாப்பிள்ளையோட அப்பா கால்வின், அட்டையைக் கையில வாங்குனவரு கீழ வைக்கவே இல்ல. எட்ட வச்சுப் பாக்குறாரு, கிட்ட வச்சுப் பாக்குறாரு, விரலால தடவுறாரு. அண்ணி பொரிச்ச கறிபாப் ஆறிப்போச்சு, மனுஷன் தொடல. ஆகா, ஜோகூர்ல நமக்குன்னு ஒரு ஆளு கிடைச்சிட்டாருன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. அப்புறம் சீர் பேச்சு வந்தது.

"நகை, வண்டி எதுவும் வேணாம்லா, சம்பந்தி. இது ஒண்ணு குடுத்தா போதும்" என்றார்.

அலமாக்! உன் அண்ணி உடனே கும்பிட்டு, தாராளமா எடுத்துக்கோங்கன்னா. நான் யோசிச்சுச் சொல்றேன்னேன். அவ்வளவுதான், வீட்டுல கஞ்சித்தண்ணிகூட இல்ல. பொண்ணா தட்டான்னு அப்பாவுக்கு யோசிக்கணுமாம்னு எனக்குக் கேக்குற மாதிரி அம்மாகிட்ட சொல்லிட்டு, ஃபெலிசியா கதவைச் சாத்துனவதான், என்கூட பேசவே இல்ல. நானும் சம்பந்திக்குப் போன் போட்டு, டிவி தர்றேன், பிரிட்ஜ் தர்றேன், என் காரையே எடுத்துக்கோங்கன்னு கெஞ்சிப் பாத்தேன். அதேதான் வேணுமாம்.

இன்னைக்குப் பூசையில, சாமியார் பிரசங்கத்துக்கு நடுவுல, மனசு தெளிஞ்சது. அந்த மூச்சைக் கேக்கத் தெரிஞ்ச மனுஷன் வீட்டுல எம்பொண்ணு கஷ்டப்படமாட்டா. குடுத்திடலாம்னு வந்து சொன்னேன். ஃபெலிசியா ஓடி வந்து கட்டிக்கிட்டா, நாங்க ரெண்டு பேரும் அழுதோம். தட்டை என் கல்யாண வேட்டியில சுத்தி வச்சிருக்கேன். ஆகவே சம்பந்தம் உறுதி. நீயும் மச்சானும் முன்கூட்டியே வந்து நடத்திக் கொடுக்க வேண்டும். மாதா உங்கள் வீட்டையும் மச்சான் முழங்காலையும் காப்பாராக.

உன் அண்ணன்,
ரோலண்ட்

பி.கு.: இப்போதுதான் சம்பந்தி போன் செய்தார். அவர் புது வீட்டு ஹாலில் பழுப்பு சோபா வாங்கிப் போட்டிருக்கிறாராம். அதே நிறத்தில் சுவரில் மாட்ட ஒரு படம் ஜோகூர் பாரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லையாம். பிரேம்கூடச் செய்தாகிவிட்டதாம். "அட்டை மட்டும் போதும், சம்பந்தி. தட்டை நீங்களே வச்சுக்குங்க, அன்னைக்கே எனக்குத் தூக்கம் வந்துருச்சு" என்கிறார். அண்ணியும் ஃபெலிசியாவும் கைதட்டிச் சிரிக்கிறார்கள். டொரத்தி, இப்படிப்பட்ட ஆளு வீட்டுல எப்படிம்மா பொண்ணு குடுக்கறது? வேற மாப்பிள்ளை இருந்தா பாரு. குரூப்பில் போடாதே.