பேட்டரி வெட்டிய ஜன்னல்

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே இயந்திரங்களுக்கு மதியத் தூக்கம் கொடுத்த ஒரே மனிதர் பேட்டரிதான். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். காங்கிரீட்டைத் துளைப்பதும் அறுப்பதும் அவர் தொழில். புதிதாக எந்தக் கருவி வந்தாலும், உளுந்தூர்பேட்டை வழியாக வரும் ஏதாவது ஒரு லாரியில் அது அவருக்கு வந்து இறங்கிவிடும். எல்லாம் வயர் இல்லாதவை. அவர் வீட்டு அலமாரியில் பதினேழு பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜ் ஏறும். பதினேழு பச்சைப் பொட்டுகள் மினுக்கும்.

"மின்மினி வளத்துகினு கீறேன் சார்" என்பார்.

ஒருமுறை காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக் கூப்பிட்டேன். சுவருக்குள் பார்க்கும் ஸ்கேனர், பச்சைக்கோடு போடும் லேசர், தன் தூசியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் டிரில் என்று மூன்று பெட்டிகளோடு வந்தார். சிட்டிகைத் தூசி விழவில்லை. ஆணி அவ்வளவு நேராக நின்றது. காலண்டரை மட்டும் மறதியாகத் தன் வண்டியிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படிப்பட்டவரிடம்தான் என் வீட்டுச் சுவரை ஒப்படைக்க வேண்டி வந்தது.

என் வீட்டின் மேற்குச் சுவர் செங்கல் இல்லை; முழுக்கக் காங்கிரீட். மழைக்காற்று தள்ளிவிடுமோ என்ற பயத்தில் அப்படிக் கட்டினேன். இருபது நெடுக்குக் கம்பி போதும் என்றார் மேஸ்திரி. நான் நாற்பத்திரண்டு போட்டேன். ஜன்னல் வைத்தால் சுவரின் பலம் குறையும் என்று ஜன்னலும் வைக்கவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லை. அதற்கும் பின்னால் கல்வராயன் மலை.

என் மனைவி அந்த மலையில் பிறந்தவள். இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாள். தினமும் காலையில் நான் கொல்லைப்பக்கம் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்: "இன்றைக்கு மூன்று மேகம்."

ஒருநாள் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "உங்க கணக்கு வேணாங்க. நான் மலையப் பாக்கணும்" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டு அப்படியே இருந்தது.

ஜன்னல் வெட்டப் பேட்டரியைக் கூப்பிட்டேன். வந்தவர் சுவரில் காது வைத்துக் கேட்டார். பிறகு நான்கு சக்கர ஸ்கேனரைச் சுவரில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பத்தோரு கம்பி சார்" என்றார்.

"நாற்பத்திரண்டு! நானே எண்ணினேன்."

"மிஷினு பொய் சொல்லாது சார்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஐயே, கோச்சிக்காதீங்க. மணி ரெண்டாவுது. அதுக்குத் தூக்கம் வந்துகினு கீது. மனுசன் மட்டும் சாப்ட்டு சாயலாமா?"

சொன்னபடியே ஒரு துண்டை விரித்து ஸ்கேனரைப் படுக்க வைத்தார். ரம்பத்தைப் படுக்க வைத்தார். லேசரின் முக்காலிக்கு மூன்று கால்களையும் மடக்கி, அதைத் தரையில் உட்கார்த்தினார்.

"அதுக்கு எதுக்குய்யா காலை மடக்கறே?"

"இன்னா சார் கேக்கறீங்க? நின்னுகினே தூங்குமா?"

பிறகு அவரும் பக்கத்தில் சாய்ந்தார். இயந்திரங்களின் குறட்டையை அவரே விட்டார். என் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நான்கு மணிக்கு எழுந்து ஸ்கேனரை மறுபடி உருட்டினார். நாற்பத்திரண்டு. எனக்கு அவர்மேல் பெரும் நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் வினை.

கதவைச் சாத்தி லேசரைப் போட்டார். இருட்டறையில் ஒரு பச்சைக்கோடு சுவரெல்லாம் ஓடி, கட்டில் விளிம்பைத் தொட்டு, அவள் கன்னத்தில் ஏறி நின்றது. அறை குளத்தின் அடிப்பக்கம் போல இருந்தது. அவள் அந்தக் கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கோடு மட்டமாக இருக்கிறதா என்று நான் ஆறு முறை பார்த்தேன். உயரத்தைப் பார்க்க ஏனோ தோன்றவில்லை. பேட்டரி அந்தக் கோட்டை ஜன்னலின் நடுவாக வைத்து, உள்ளேயும் வெளியேயும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

மறுநாள், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அறுக்கும் வைரப்பல் ரம்பம் சுவருக்குள் இறங்கியது. நான் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு, வீட்டில் புதிதாக விரிசல் விடுகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றும் விடவில்லை. மைசூர்பாகு போல நான்கு துண்டுகள் சுத்தமாக வெளியே வந்தன. உள்ளே ஓடினேன். ஜன்னல் என் முழங்காலில் தொடங்கி நெஞ்சுக்குக் கீழே முடிந்திருந்தது. நின்று பார்த்தால் மல்லாட்டைச் செடி மட்டும் தெரிந்தது.

"யோவ்! இது ஜன்னலா? கன்னுக்குட்டி பூந்து வர வழியா?"

பேட்டரி முக்காலியைப் பார்த்தார். மூன்று கால்களும் மடங்கியபடியே இருந்தன. நேற்று தூங்கி எழுந்த லேசரை நிமிர்த்த மறந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"எழுப்பனேன் சார். நிக்க வெக்க மறந்துட்டேன். என் செலவுலயே அடச்சிட்டு மேல வெட்டித் தரேன்."

"அடைய்யா முதல்ல!"

"யாரும் அதுல கை வெக்கக் கூடாது."

கட்டிலிலிருந்து வந்தது குரல். திரும்பினேன். படுத்திருந்தவளின் கண்ணுக்கு நேராக மலை முழுசாக உள்ளே வந்திருந்தது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை நீலம். அவள் கையைத் தூக்கி ஒரு மடிப்பைக் காட்டினாள்.

"அதோ, அங்கதான் எங்க வூடு. குனிஞ்சி பாருங்க."

குனிந்தால் இடுப்பு வலித்தது. தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பேட்டரியும் உட்கார்ந்தார். எத்தனை மேகம் என்று நான் எண்ணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள், "பசிக்குது" என்றாள்.

இப்போது அவள் கைத்தடியோடு நடக்கிறாள். மலை பார்க்க மட்டும் இருவரும் தரையில் பாய் விரிக்கிறோம்; மதியத்தில் அங்கேயே தூங்கியும்விடுகிறோம். சில நாள் தூரத்தில் ஒரு வண்டிச் சத்தம் வந்து சட்டென்று நிற்கும். பேட்டரி தன் வண்டியின் இன்ஜினை அணைத்து, கருவிப் பெட்டிகளோடு எங்கள் ஜன்னலைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போவார்.

பெரும்பாலும் எனக்கு விழிப்பு வந்துவிடும். அவர் தாண்டிப் போகும்வரை கண்ணைத் திறப்பதில்லை.