மணல் பெட்டி

அரணை அறையில் அப்போது இருந்தவர்கள்: அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்த பராமரிப்பாளன், சிபாரிசு செய்து அவனை அங்கே சேர்த்துவிட்ட அவன் மனைவியின் அண்ணன் (அந்த மிருகக்காட்சிசாலையின் தலைமைக் குமாஸ்தா அவர்தான்), பிறகு கண்ணாடிப் பெட்டிகளில் அரணைகள். நாலு கால் உள்ளவை, பேருக்கு ரெண்டு கால் உள்ளவை, நீல நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுபவை. ஓரத்துப் பெட்டியில் மட்டும் வெறும் மணல் தெரிந்தது.

"உள்ளே புதைஞ்சு கிடக்கும். காலே இல்லாத ரகம்," என்றார் மச்சான். "இயக்குநர் லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வர்றார். வந்ததும் அதைத்தான் தேடுவார். மேல எடுத்து விடு."

"அரணை கடிச்சா மரணம்பாங்களே மச்சான்."

"கடிக்க வந்ததையே பாதி வழியில மறந்துடும்னும் சொல்வாங்க. உன்னை மாதிரி. இந்த வேலையும் போச்சுன்னா தங்கச்சியை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீ வர வேண்டாம்."

அவன் மூடியைக் கழற்றி மணலுக்குள் கை விட்டான். வழவழவென்று ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தான். வால் மட்டும் கையோடு வந்தது. சுண்டுவிரல் கனம். மேசையில் போட்ட பிறகும் துள்ளியது.

"கெட்டுது போ. அதைச் சட்டைப்பையில போட்டுக்கோ. இன்னொண்ணை எடு."

"இன்னொண்ணு இருக்கா?"

"இதுல சிலது குட்டி போடுற ஜாதி. குடும்பமா இருக்கும்."

இன்னொன்று இருந்தது. அதன் வாலும் அறுந்தது. கட்டைவிரல் கனம்.

"தாயா இருக்கும்," என்றார் மச்சான். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"நீங்களே எடுங்க மச்சான். உங்க கை ராசியான கை."

அவர் எடுத்தார். வந்த வால் அவர் மணிக்கட்டு கனம் இருந்தது. அது துடித்த துடிப்பில் தண்ணீர்க் கிண்ணம் கீழே உருண்டது.

"இது பைக்குள்ள போகாது மச்சான்."

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தோண்டிய குழி, யாரும் தொடாமலே மூடிக்கொண்டிருந்தது.

வெளியே கார் வந்து நின்றது. "அவரை வாசல்லயே பேச்சுக் கொடுத்து நிறுத்துறேன். நீ எல்லாத்தையும் உள்ளே போட்டு மூடு," என்று மச்சான் பாய்ந்து வெளியேறினார்.

கதவருகே காவலாளி சாவியோடு நின்றிருந்தார். ஏதாவது பெட்டி திறந்திருந்தால் அறையை வெளியிலிருந்து பூட்டுவது அங்கே வழக்கம்.

"மணல் பெட்டி அரணையோட வாலை அறுத்துட்டோம்," என்றார் மச்சான் மெதுவாக. "இயக்குநர்கிட்ட சொல்லிடாதய்யா."

"அதுல ஏது சார் அரணை? போன மாசமே செத்துடுச்சு. அவர்கிட்ட சொல்ல பயந்துதான் வெறும் மணலை வெச்சிருக்கோம்," என்று காவலாளி கதவைச் சாத்திப் பூட்டினார்.