கயிற்றுத் தொழிற்சாலைச் சத்தமும் உங்கள் தங்கையும்

கிரீன்பாயிண்ட், புரூக்ளின்
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மைத்துனர் லுத்விக் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஐரீனாவின் கணவன் போக்தான் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா, பஃபலோவில் பனி விட்டு வெயில் தலைகாட்டியதா, உங்கள் வீட்டில் அக்கா இன்னும் அந்தக் கோபக்கார டாக்டரிடமே போகிறார்களா என்பதற்கெல்லாம் விவரமாகப் பதில் போடவும். இங்கே நான் சுகமில்லை. உங்கள் தங்கை படுசுகம். கடிதமே அதைப் பற்றியதுதான். அப்பா ஸ்தானத்தில் நின்று அவளை எனக்குக் கட்டி வைத்தவர் நீங்கள். ஆகவே இதை வாசித்து முடித்ததும் சனிக்கிழமை ரயிலைப் பிடித்து வந்து அவளை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பழைய கயிற்றுத் தொழிற்சாலை இருந்ததே, ஞாபகம் இருக்கும். அது மூடிக் கிடந்த காலத்தில் சில பிள்ளைகள் வாடகைக்குப் பிடித்து வெள்ளிக்கிழமைதோறும் கிட்டார், டிரம்ஸ் என்று கச்சேரி வைத்தார்கள். பெரிய பாட்டுக் கம்பெனி எதுவும் சீந்தாத கூட்டம். அவர்களே பாட்டுக் கட்டுவார்கள், அவர்களே நோட்டீஸ் ஒட்டுவார்கள், அவர்களே வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பார்கள். நானோ விடியும் முன்னே பால் லாரி எடுக்கப் போகிறவன். எங்கள் படுக்கையறைச் சுவர்தான் அவர்களுக்கு மேடைச் சுவர். புகார் கொடுக்கப் போன இடத்தில் சத்தத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். நான் டேப் ரிக்கார்டர் மைக்கைத் துடைப்பக் கட்டையில் கட்டி ஜன்னல் வழியாக நீட்டிப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். ஒரு கேசட் போதும்தான். ஆனால் இதைவிட மோசமாக ஒன்று கிடைத்தால் கேஸ் பலமாக இருக்குமே என்று ஒவ்வொரு வாரமும் காத்திருந்தேன். காத்திருந்ததில் கட்டடத்தையே இடித்துக் கண்ணாடி அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், கேசட்டெல்லாம் என் அலமாரியில் தங்கிவிட்டன.

இதெல்லாம் முடிந்து இருபது வருடம் ஆகியிருக்கும். போன இலையுதிர் காலத்தில் மரிசோல் என்று ஒரு பெண் கதவைத் தட்டி, தொழிற்சாலையில் நடந்த கச்சேரிகளைப் பற்றி விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னாள். என் புகாருக்குக் கடைசியில் ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே உட்காரவைத்து, டீயும் கசகசா கேக்கும் கொடுத்து, இருப்பதிலேயே கொடூரமான கேசட்டை எடுத்துப் போட்டேன். அவள் கேட்கக் கேட்க அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. என் கஷ்டம் புரிந்த முதல் மனுஷி என்று இன்னொரு துண்டு கேக் வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டபிறகுதான் விஷயம் வேறு என்று விளங்கியது. அந்தக் கூட்டத்தைப் பற்றி அவள் ஒரு ஆவணப்படம் எடுக்கிறாளாம். ‘ஈரக் குடைகள்’ என்ற குழு பிற்பாடு ஊர் ஊராகப் பேர் வாங்கியதாம். ஆனால் ஆரம்ப காலத்துப் பாட்டு ஒன்றுகூட எங்கேயும் பதிவாகவில்லை, அவர்களுக்கே மறந்துவிட்டது, படத்தைப் பாதியில் நிறுத்துவதாக இருந்தாளாம். "உலகத்துலயே இது உங்க வீட்ல மட்டும்தான் இருக்கு தாத்தா" என்றாள். புகார்க்காரனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது?

மறு வாரம் அந்தக் குழுவின் பாட்டுக்காரன் டோபினையே கூட்டிவந்தாள். அந்தக் காலத்தில் முகத்தை முடி மறைத்திருந்த பையன், இப்போது தலையில் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறான். கேசட்டில் பாட்டுக்கு நடுவே நான் சுவரை இடித்துக்கொண்டு "காலைல நான் லாரி ஓட்டணும்டா" என்று கத்துவது தெளிவாகக் கேட்கிறது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அவனோ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, டிரம்ஸ்காரன் சண்டை போட்டுட்டுப் போனப்ப, அடுத்த ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்க சுவத்துல இடிக்கிறதை வச்சுத்தான் பாடினோம். தாளம் ஒரு தடவைகூடத் தப்பினதில்லை." மைத்துனரே, லாரி ஓட்டிய காலமெல்லாம் என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. கேசட்டையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு அவனிடமே கொடுத்தேன். உங்கள் தங்கை அதுவரை சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. டோபின் இருக்கும்வரை முகத்தை அடுப்புப் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போன ஞாயிறு பூசை முடிந்து மத்தியானம் முதல் காட்சிக்கு எங்களை அழைத்திருந்தார்கள். நான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அரங்கம் முழுக்க நடுவயதுக்காரர்கள், குழுவின் பேர் போட்ட பழைய பனியன் வயிற்றில் இறங்காமல் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். படம் ஓடியது. என் குரல் வந்த இடத்தில் அரங்கமே சேர்ந்து "காலைல நான் லாரி ஓட்டணும்டா" என்றது. அதையும் பொறுத்தேன். அடுத்து, அந்தக் காலத்தில் யாரோ உள்ளே எடுத்து வைத்திருந்த, ஒலி பதிவாகாத வீடியோ ஒன்று வந்தது. புகை, வேர்வை, பிள்ளைகள் குதிக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில், மேடைக்கு நேர் முன்னால், பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாள் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஆடுகிறாள். கீழே எழுத்தில் ‘வெள்ளிக்கிழமை அத்தை, பெயர் தெரியவில்லை’ என்று போட்டிருந்தது. உடனே அரங்கமெல்லாம் கைதட்டல்.

"அது யாரு?" என்றேன்.

"யாரோ, என் சாடையில இருக்கா" என்றாள் உங்கள் தங்கை, திரையைப் பார்த்தபடியே.

"உன் ஸ்வெட்டரும் போட்டிருக்கா."

"நல்ல ஸ்வெட்டர். நிறையப் பேர் வாங்கியிருப்பாங்க."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வா என்று அவளை அனுப்பியவன் நான். போனால் லேசில் வரமாட்டாள். முகமெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன் என்பாள். பாவம், எனக்காகச் சண்டை போட்டுக் களைத்து வந்திருக்கிறாளே என்று காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். தைலம்! அரங்கத்தில் விளக்குப் போட்டதும் அந்த நடுவயதுக் கூட்டம் அவளைக் கண்டுபிடித்துவிட்டது. அத்தை அத்தை என்று கட்டிப் பிடிக்கிறார்கள், அவள் கொண்டுபோய்க் கொடுத்த பியரோகிக் கொழுக்கட்டையைத் தின்றுதான் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினோம் என்று அழுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மட்டும் சூப் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நிறுத்திக் கேட்டேன். "நீங்க அனுப்பினீங்க, போனேன். குறைங்கப்பான்னு சொன்னேன். அந்தச் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கல" என்றாள். என்னையும் ஒரு நாள் கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

உங்கள் தங்கை என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூப்பிட்டா நீங்க வந்து கச்சேரியை நிறுத்தியிருப்பீங்க. அங்க இருந்தா நீங்க இந்தப் பக்கம் இடிக்கிறது எனக்கு நல்லாக் கேக்கும். நான் அதுக்குத்தான் ஆடினேன்."

இப்படிப் பதில் சொல்கிறவளிடம் ஒரு மனுஷன் எப்படிச் சண்டை போடுவது? இரண்டு நாளாகச் சண்டைக்குத் தோதாக ஒரு வார்த்தை தேடுகிறேன், அகப்படவில்லை. வீட்டில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மாவு பிசைகிறாள். ஆகவேதான் உங்களை வரச் சொல்கிறேன். கண்டிப்பான முகத்தோடு வரவும். இந்தச் சத்தக்கார சகவாசம் இந்த வயதில் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பாள்.

உங்கள் குடும்பத்துக்கும், அக்காவின் பூனைகளுக்கும் ஆண்டவர் குறைவில்லாத சுகத்தையும், இரவில் நல்ல அமைதியான தூக்கத்தையும் அருளுமாறு வேண்டும்,

தங்கள் மைத்துனன்,
போக்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மரிசோல் போன் செய்தாள். நீங்கள் சனிக்கிழமை வர வேண்டாம், நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். படத்தை உங்கள் ஊரில் காட்டுகிறார்களாம், கூடவே ஈரக் குடைகள் மறுபடி சேர்ந்து வாசிக்கிறார்கள். டிரம்ஸ்காரன் இந்த முறையும் சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டதால், அவனுக்குப் பதில் இடிக்க நான் போகிறேன். எல்லோருமாக வேனில் கிளம்பி வெள்ளி காலை உங்கள் வீட்டுக்கு வந்து சேருவோம். ஒத்திகைக்கு உங்கள் கீழறையைக் காலி செய்து வைக்கவும். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போகிறவராக இருந்தால், பரவாயில்லை, வீட்டம்மாவை எங்களிடம் புகார் சொல்ல அனுப்பச் சொல்லவும்.